வைரப் பரப்பில் நைட்ரஜன்: மைனஸ் குறியைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கமிருந்து பார்வைக்கு வரும், அணுக்களின் ஆற்றலைக் கணினியில் கணக்கிடும் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் அறிக்கைகளில் இந்த ஒரு வரி மட்டும் ஓய மாட்டேன் என்கிறது: "ஒட்டும் ஆற்றல் மைனஸ் 5 ஈவி (எலக்ட்ரான் வோல்ட்), ஆகவே நைட்ரஜன் வாயு வைரத்தோடு வலுவாகப் பிணைகிறது." மைனஸ் என்றால் ஒட்டியபின் ஆற்றல் குறைகிறது என்று பொருள். எண் சரியாகவே இருக்கலாம். 'ஆகவே' தப்பு.

அந்த 5 எதோடு ஒப்பிட்டு வந்தது? வெற்றிடத்தில் தனியாக நிற்கும் ஒற்றை அணுவோடு. சிலிண்டரில் இருப்பது அதுவா? மும்மைப் பிணைப்பால் இறுகிய மூலக்கூறு. அதை இரண்டு அணுக்களாகப் பிரிக்க, ஆய்வகத்தில் அளந்தபடி, சுமார் 9.8 ஈவி வேண்டும். எல்லோரும் போடும் பிபிஇ ஃபங்ஷனலில் (எலக்ட்ரான்களின் ஆற்றலுக்கான தோராயச் சூத்திரம்) அது சுமார் 10.5 என்று கூடுதலாகவே வரும். ஓர் அணுவின் பங்கு 5.25. அதைக் கூட்டிப் பாருங்கள்: மைனஸ் 5 போய் பிளஸ் 0.25 நிற்கும். முடிவே தலைகீழ்! மூலக்கூறின் ஆற்றலைப் புத்தகத்திலிருந்து எடுக்கவும் கூடாது. அதே ஃபங்ஷனல், அதே சூடோபொட்டன்ஷியல் (உள் எலக்ட்ரான்களுக்கு மாற்றாக வைப்பது), அதே கட்டாஃப் (கணக்கில் சேர்க்கும் அலைகளின் ஆற்றல் வரம்பு) வைத்து நீங்களே ஓட்டி எடுக்க வேண்டும்.

பாதி மூலக்கூறை அடிப்படையாக வைத்தும் மைனஸ் வந்தால்? அப்போதும் வாயு தானாக ஒட்டிவிடாது. வழியில் ஏறிக் கடக்க வேண்டிய தடை ஆற்றல் குறுக்கே நிற்கிறது. ஆய்வகங்களில் நைட்ரஜன் பிளாஸ்மா வைப்பதே மூலக்கூறை முதலில் உடைக்கத்தான். தடையைச் சொல்ல என்இபி (வினைப் பாதையில் தடையின் உயரத்தைக் கண்டுபிடிக்கும் முறை) ஓட்டுங்கள், அல்லது அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

ஒற்றை அணுவை ஓட்டும்போது ஸ்பின்னை (எலக்ட்ரானின் காந்தத் திசை) மறக்காதீர்கள். மூன்று எலக்ட்ரான்கள் இணையின்றி இருக்கின்றன. காந்தத் திருப்புத்திறன் 3 வரவில்லையென்றால் அந்த ஓட்டம் குப்பை.

அடுத்து ஸ்லாப், அதாவது பரப்பைக் கணக்கிட வெட்டி வைக்கும் மெல்லிய வைரப் பலகை. (100) என்ற படிக முகத்தைப் படிகத்திலிருந்து வெட்டியபடியே வைத்தால் மேல் அணுக்கள் 2.52 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில், ஒவ்வொன்றும் இரண்டு தொங்கு பிணைப்புகளோடு (துணையில்லாத பிணைப்புகள்) நிற்கும். அவை ஜோடி சேர்ந்து 1.37 ஆங்ஸ்ட்ராம் அளவுக்கு நெருங்க வேண்டும். கணக்கில் சமச்சீரைப் பூட்டிவிட்டால் நெருங்காது. அப்படி நெருங்காத பரப்பு எந்த நைட்ரஜனையும் பிடித்து இழுத்துப் பொய்யான பெரிய ஆற்றலைக் காட்டும். தொடக்கக் கோப்பிலேயே ஜோடி சேர வேண்டிய இரண்டு அணுக்களையும் ஒன்றையொன்று நோக்கிச் சற்றுத் தள்ளிவிடுங்கள். அடிப்பக்கத்துக்கு ஹைட்ரஜன் மூடி, அடி இரண்டு அடுக்குகளுக்கு நகராதபடி பூட்டு, மேலே 15 ஆங்ஸ்ட்ராம் வெற்றிடம். இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ஆனால் சிவிடி (வாயுவிலிருந்து படியவைத்து வளர்க்கும்) வைரத்தின் மேல்பரப்பு பெரும்பாலும் ஹைட்ரஜனால் மூடியே இருக்கும். வெற்றுப் பரப்பில் கிடைத்த எண்ணை அதற்குச் சொல்லாதீர்கள்.

கடைசியாக, மழைக்காலம். கூடலூரில் ஆடியிலும் குன்னூரில் ஐப்பசியிலும் லைனில் மரம் விழுந்தால் கரன்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தக் கணக்குகளை ஓட்டும் குவாண்டம் எஸ்ப்ரெஸ்ஸோ மென்பொருளில் 'மேக்ஸ் செகண்ட்ஸ்' (எத்தனை விநாடிகள் ஓட வேண்டும் என்ற வரம்பு) குறித்துவிடுங்கள். நேரம் முடிந்ததும் கோப்புகளை ஒழுங்காக எழுதிவிட்டு நிற்கும், அங்கிருந்து தொடரலாம். கரன்ட் போய் நின்ற ஓட்டத்தை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், தயவுசெய்து. அவுட்புட்டில் கடைசியாக அச்சான அணு இடங்களை எடுத்து, புதிதாகத் தொடங்குங்கள்.