கடலடிச் சுரங்கத்துக்கு வண்டல்தான் எமன்

தேங்காப்பட்டணத்திலோ முதலப்பொழியிலோ துறைமுக வாயில் மணல் மேடிட்டால் என்ன ஆகும் என்று இந்தக் குமரி–திருவனந்தபுரம் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சீனாவில் 2018 அக்டோபரில் திறக்கப்பட்ட ஹாங்காங்–ஜுஹாய்–மக்காவ் கடல்சாலையை, பாலமும் சுரங்கமும் சேர்ந்த அந்த இணைப்பை, கட்டும்போது திணறடித்ததும் அதே சங்கதிதான்.

மொத்த நீளம் 55 கிலோமீட்டர். அதில் 6.7 கிலோமீட்டர் கடலடிச் சுரங்கம். முழுக்கப் பாலமாகவே போட்டிருக்கலாமே என்று கேட்பார்கள். அது பெரிய கப்பல்கள் போகும் வழி. கப்பலுக்காகப் பாலத்தை உயர்த்தினால், பக்கத்து விமான நிலையத்துக்கு இடைஞ்சல்.

இந்தச் சுரங்கம் குடைந்ததல்ல. கரையில் வார்த்த 33 கான்கிரீட் பெட்டிகளின் வரிசை. முழு அளவுப் பெட்டி 180 மீட்டர் நீளம், ஏறத்தாழ 38 மீட்டர் அகலம், 11.4 மீட்டர் உயரம். எடை 80,000 டன்னை ஒட்டி. இரு முனையையும் தடுப்புச் சுவரால் அடைத்து, மிதக்கவிட்டு இழுத்து வருவார்கள். கடலடியில் தோண்டிய அகழியில் சரளைப் படுகை தயாராக இருக்கும். உள்ளே இருக்கும் தொட்டிகளில் நீர் நிரப்ப, பெட்டி மெல்ல இறங்கும். முந்தைய பெட்டியோடு முட்டியதும் இரு தடுப்புச் சுவர்களுக்கு நடுவே சிக்கிய நீரை வெளியேற்றுவார்கள். அவ்வளவுதான், மீதியைக் கடலே பார்த்துக்கொள்ளும்: 30 மீட்டர் ஆழத்தில் மறுமுனையை அழுத்தும் சுமை சுமார் 13,000 டன். அந்த அழுத்தத்தில் இரு பெட்டிகளுக்கும் நடுவே உள்ள ரப்பர் வளையம் நசுங்கி, இணைப்பு அடைபடும்.

கெடுவது படுகையில். சரளைமேல் சில சென்டிமீட்டர் சேறு படிந்தாலே பெட்டி சமமாக உட்காராது. பிறகு ஒருபக்கம் தாழும், இணைப்பு விரியும். கலங்கிய நீரின் அடர்த்தியும் கணக்கைக் குலைக்கும். அடர்த்தி 1 விழுக்காடு கூடினால் பெட்டியைத் தூக்கும் விசை 800 டன் ஏறும். தொட்டி நீரின் கணக்கு அங்கேயே பிசகும்.

15ஆம் பெட்டிக்கு நடந்தது இதுதான். 2014 நவம்பரில் படுகையில் வண்டல். பெட்டியைத் திருப்பி இழுத்துப் போனார்கள். ஆற்று முகத்துவாரத்தில் மேல்பக்கம் நடந்த மணல் அள்ளல்தான் காரணம் என்று கண்டு, அதை நிறுத்தினார்கள். 2015 பிப்ரவரியில் அகழிச் சரிவிலிருந்து சேறு சரிந்து விழ, மறுபடியும் திரும்பியது. மார்ச்சில், மூன்றாம் தடவைதான் இறங்கியது.

நம் பக்கத்தில் அலைத்தடுப்புக்கோ பாலத்துக்கோ திட்ட அறிக்கை கைக்கு வந்தால், வண்டல் அளவீடு எந்த மாதத்தில் எடுத்தது என்று முதலில் பாருங்கள். தை, மாசியில் தெளிந்து கிடக்கும் கடலில் எடுத்த எண், ஆனி ஆடிக் கலக்கத்துக்கு உதவாது. ஆற்றில் மேலே எங்கே மணல் அள்ளுகிறார்கள் என்பதும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.