கம்பிக்குச் சான்று இருக்கிறது, காயிலுக்கு இருக்கிறதா?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரங்களில் மின்மாற்றி, ஸ்டெபிலைசர், மின்விசிறி, நீர்மூழ்கி மோட்டார் ஆகியவற்றுக்குக் காயில் சுற்றித் தரும் சிறு தொழிற்கூடங்களிடம் வெளியூர் வாடிக்கையாளர்கள் இப்போது ரோஹ்ஸ் (மின்சாதனங்களில் தீங்கான பொருட்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஆணை) சான்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கேட்கப்பட்ட உடனே, எனாமல் கம்பி வாங்கிய கடையிலிருந்து ஒரு தாளைப் பெற்று, அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுவதுதான் பெரும்பாலான கூடங்களில் நடக்கிறது. இத்தகைய கூடங்களின் மூலப்பொருள் ஆவணங்களைச் சரிபார்க்கும் பணியில் இருக்கிறேன். இந்தப் பணியில் நான் கண்டவரை, சிக்கல் எனாமல் கம்பியில் இருப்பது அரிது. கம்பியோடு சேரும் சால்டர், சிலீவ் (காப்புக் குழாய்), லீட் வயர் (காயிலிலிருந்து வெளியே வரும் இணைப்புக் கம்பி), நிறம், நாடா ஆகியவற்றில்தான் அது ஒளிந்திருக்கிறது. விற்கப்படும் பொருள் காயில் என்பதால், சான்றும் காயிலின் ஒவ்வொரு பாகத்துக்கும் பொருந்த வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் முதல் ரோஹ்ஸ் ஆணை 2003-இல் இயற்றப்பட்டு, 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. காரீயம், பாதரசம், காட்மியம், அறுஇணைதிறன் குரோமியம், பி.பி.பி., பி.பி.டி.இ. என்னும் இரு வகை புரோமின் தீத்தடுப்பிகள் ஆகிய ஆறும் அதில் கட்டுப்படுத்தப்பட்டன. காட்மியத்துக்கு மட்டும் எடையில் 0.01 விழுக்காடும், மற்றவை ஒவ்வொன்றுக்கும் 0.1 விழுக்காடும் உச்ச வரம்பு. 2011-இல் வந்த இரண்டாம் ஆணையில், 2015-இல் செய்யப்பட்ட திருத்தத்தின் வழியாக டி.இ.எச்.பி., பி.பி.பி., டி.பி.பி., டி.ஐ.பி.பி. என்னும் நான்கு தாலேட்கள் (நெகிழியை மென்மையாக்கச் சேர்க்கும் வேதிப்பொருட்கள்) சேர்க்கப்பட்டு, பெரும்பாலான பொருட்களுக்கு 2019 ஜூலை 22 முதல் அவற்றுக்கும் 0.1 விழுக்காடு என்ற வரம்பு பொருந்துகிறது. முன்னே உள்ள பி.பி.பி. புரோமின் சேர்மம்; பின்னே உள்ள பி.பி.பி. பென்சைல் பியூட்டைல் தாலேட். இரண்டையும் ஒன்றாக எண்ணி ஒரே வரியில் முடித்துவிட்ட பட்டியல்களும் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

இந்தியாவில் மின்னணுக் கழிவு விதிகள் 2011-இல் அறிவிக்கப்பட்டு, 2016-இலும் 2022-இலும் புதுப்பிக்கப்பட்டன. இப்போதுள்ள விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அட்டவணையில் உள்ள சாதனங்களுக்கு முதலில் சொன்ன ஆறு பொருட்களின் வரம்பு இங்கும் அதே அளவில் உண்டு. தாலேட்கள் இந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே, இந்திய விதிகளுக்கு முழுமையாக இணங்கிய ஒரு காயில், ஐரோப்பாவுக்குச் செல்லும் சாதனத்தில் தோற்றுப்போகலாம். மேலும், 2022 விதிகள் குறுந்தொழில் நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்று விதியிலேயே கூறப்பட்டிருப்பதால், "நமக்கு இது வேண்டாம்" என்று நம் மாவட்டத்தின் பல உரிமையாளர்கள் விட்டுவிடுகிறார்கள். அந்த விலக்கு குறுந்தொழில் நிறுவனத்துக்கு மட்டுமே உரியது. அதனிடம் காயில் வாங்கிச் சாதனம் தயாரிக்கும் பெரிய நிறுவனத்துக்கு அந்த விலக்கு இல்லை. அவர்கள் சுமக்கும் பொறுப்பு, கொள்முதல் ஆணையின் வழியாக நம் கூடத்தின் வாசலுக்கு வந்துதான் தீரும்.

இனி, எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒரு கணக்கு. 0.1 விழுக்காடு என்பது மோட்டாரின் எடையிலோ காயிலின் எடையிலோ கணக்கிடப்படுவதன்று. கையால், கத்தியால், இயந்திரத்தால் மேலும் பிரிக்க முடியாத ஒவ்வொரு ஒருபடித்தான பொருளிலும் தனித்தனியாகக் கணக்கிடப்படுவது. செம்பு ஒன்று, எனாமல் பூச்சு ஒன்று, பி.வி.சி. உறை ஒன்று, சால்டர் ஒன்று. எடுத்துக்காட்டாக, உறையிட்ட ஒரு கம்பியில் உறையின் எடை பத்தில் ஒரு பங்கு என்றும், அந்த உறையில் காரீயம் 0.5 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். கம்பியை அப்படியே அரைத்துச் சோதித்தால் காரீயம் 0.05 விழுக்காடு என்று வந்து, தேர்ச்சி என அறிக்கை கிடைக்கும். உறையை மட்டும் உரித்துச் சோதித்தால் அது வரம்பைப்போல் ஐந்து மடங்கு. முதல் அறிக்கையில் எண் தவறில்லை. சோதிக்கப்பட்ட மாதிரிதான் தவறு. அதனால், ஆய்வக அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது முடிவுப் பட்டியலை அன்று. மாதிரியை எப்படி எடுத்தார்கள் என்ற வரியையும் அதன் ஒளிப்படத்தையும்தான்.

எனாமல் கம்பியைப் பொறுத்தவரை நிலைமை பெரும்பாலும் நன்றாகவே உள்ளது. பாலியுரிதேன், பாலியஸ்டர், பாலியஸ்டர் இமைடு, அதன் மேல் பாலிஅமைடு இமைடு என்று பூசப்படும் பூச்சுகள் எவற்றுக்கும் இந்தப் பத்துப் பொருட்களில் எதுவும் வேதியியல் முறையில் தேவைப்படுவதில்லை. ஐ.எஸ். 13730 என்ற இந்தியத் தரத்தில், வகையும் வெப்ப வகுப்பும் (எத்தனை டிகிரி வெப்பம் தாங்கும் என்ற குறியீடு) குறிக்கப்பட்ட கம்பியை முறையான உற்பத்தியாளரிடமிருந்து வாங்கினால், அந்தப் பாகத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

நீர்மூழ்கி மோட்டாருக்கான பி.வி.சி. உறைக் கம்பிக்கு அதே நிம்மதி கிடையாது. தோவாளை, பூதப்பாண்டி பக்கத்து வாழைத் தோட்டங்களிலிருந்து தேங்காய்ப்பட்டினம் கரை வரை ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகிவிட்ட மாவட்டம் நம்முடையது. மோட்டார் எரிந்தால் மறுநாளே ரீவைண்டிங் செய்து இறக்க வேண்டும் என்ற அவசரத்தில், கம்பியின் உறை எதனால் ஆனது என்று கேட்பவர் எவருமில்லை. பி.வி.சி. வெப்பத்தில் சிதையாமல் இருக்க நிலைப்படுத்தி சேர்க்க வேண்டும். நெடுங்காலமாக அதற்குப் பயன்பட்டவை டிரைபேசிக் லெட் சல்பேட் போன்ற காரீயச் சேர்மங்கள். விலை குறைவு, மின்காப்பும் நன்று. கால்சியம்-துத்தநாக நிலைப்படுத்திகள் மாற்றாக வந்து பல ஆண்டுகள் ஆகியும், பழைய பி.வி.சி.யை உருக்கி மறுபடியும் உறையாக்கும் மலிவான சரக்கில் அந்தக் காரீயம் அப்படியே திரும்பி வந்துவிடுகிறது.

உறை வளைந்து கொடுப்பதற்காகச் சேர்க்கப்படும் மென்மையூட்டி அடுத்த சிக்கல். மோட்டாரிலிருந்து வெளியே வரும் மென்மையான லீட் வயர்களின் பி.வி.சி. உறையில், மென்மையூட்டி எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலேயே இருப்பது வழக்கம். அது டி.இ.எச்.பி.யாக இருந்தால், வரம்பைப்போல் 200 மடங்குக்கும் மேல். சந்தையில் டி.ஓ.பி. என்று விற்கப்படுவது பெரும்பாலும் இதே பொருள்தான் என்பதால், "எங்கள் சரக்கில் டி.இ.எச்.பி. கிடையாது, டி.ஓ.பி. மட்டுமே" என்று விற்பனையாளர் உண்மையான நம்பிக்கையோடு சொல்வார். பெயரை நம்பாமல் சி.ஏ.எஸ். எண்ணை, அதாவது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனியாக வழங்கப்படும் அடையாள எண்ணைக் கேளுங்கள். 117-81-7 என்று இருந்தால் அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள். 6422-86-2 என்று இருந்தால் அது டி.ஓ.டி.பி., இந்த நான்கில் சேராத வேறொரு மென்மையூட்டி. தாலேட்கள் ஒரே இடத்தில் நிற்பவையும் அல்ல. தொட்டுக்கொண்டிருக்கும் மற்றொரு நெகிழிக்கும் ரப்பருக்கும் மெல்லக் கசிந்து பரவும். இணக்கமான லீட் வயரையும் பழைய சரக்கையும் ஒரே பையில் மாதக்கணக்கில் போட்டு வைப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். பாலியஸ்டர் படலமும் பாலிபுரோப்பிலீன் படலமும் சுற்றிய கம்பிக்கு மென்மையூட்டி தேவையில்லை. நீர்மூழ்கி மோட்டாருக்கு அது நம் பகுதிக் கடைகளிலும் கிடைக்கிறது. விலை சற்றுக் கூடினாலும், புதிதாகத் திட்டமிடுபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது அதையே.

அண்மையில் ஒரு கூடத்தில் நான் பார்த்த சான்றிதழ் ஒன்றைச் சொன்னால், ஒரு தாளை எப்படிப் படிக்க வேண்டும் என்பது விளங்கும். வாங்கியிருந்தது 155 வகுப்புப் பாலியுரிதேன் எனாமல் கம்பி. சான்றிதழில் இருந்தது "செம்புக் கம்பி" என்ற பொதுப்பெயர் மட்டும். அறிக்கையின் ஆண்டு 2016. எனவே பட்டியலில் ஆறு பொருட்களே இருந்தன, தாலேட் பற்றிப் பேச்சே இல்லை. கடைசிப் பக்கத்து ஒளிப்படத்தில் அளவுகோலுக்குப் பக்கத்தில் கிடந்தவை எனாமலே பூசாத, பளபளப்பான செம்புத் துண்டுகள். அறிக்கை பொய்யன்று, ஆய்வகம் அங்கீகாரம் பெற்றது, முத்திரை உண்மையானது. ஆனால் கூடத்தில் சுழன்றுகொண்டிருந்த ரீலைப் பற்றி அந்தத் தாள் எதையும் சொல்லவில்லை.

சால்டரைப் பற்றி அழுத்தமாகவே எழுத வேண்டியிருக்கிறது. நம் கடைகளில் இன்றும் சாதாரணமாக விற்பது 60/40, அதாவது வெள்ளீயம் 60, காரீயம் 40. இணக்கமான காயிலுக்கென்று காரீயமில்லாத சால்டரை வாங்கி, தனிச் சட்டியில் உருக்கி வைத்துவிட்டு, பழைய அகப்பையாலேயே கசடு வழிப்பதும், கை தவறி 60/40 குச்சியை அதில் அமிழ்த்துவதும் நடக்கின்றன. 10 கிலோ சட்டி முழுவதையும் வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவர 10 கிராம் காரீயம் போதும். 25 கிராம் 60/40 குச்சியில் அந்த அளவு இருக்கிறது. அதற்குப் பின் அந்தச் சட்டியில் தோய்க்கும் ஒவ்வொரு முனையும் ஐயத்துக்குரியது. சட்டி, அகப்பை, சால்டர் அயர்ன் முனை மூன்றையும் தனியாக வைத்து, பச்சை வண்ணம் அடித்து, இன்னார் மட்டுமே தொடலாம் என்று எழுதி ஒட்டுவதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை. சால்டர் வேலை முடித்த கையோடு தேநீரும் பழம்பொரியும் உண்பதை நிறுத்துங்கள். காரீயம் உடலுக்குள் செல்லும் முதன்மையான வழி, கையிலிருந்து வாய்க்கு. சட்டையில் ஒட்டிய தூசி வீட்டுக்குச் சென்று குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்; அந்தப் பாதிப்பு பின்னால் மருந்தால் சரியாவதில்லை.

சிலீவ்களிலும் நாடாக்களிலும் நிறத்தைக் கவனிக்க வேண்டும். அடர்மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் மலிவான நிறமியாக லெட் குரோமேட் பயன்பட்டு வந்திருக்கிறது. அதில் காரீயமும் அறுஇணைதிறன் குரோமியமும் ஒருங்கே உள்ளன. பளிச்சென்ற சிவப்பிலும் மஞ்சளிலும் காட்மியம் வர வாய்ப்புண்டு. ஒரே உற்பத்தியாளரின் வெள்ளைச் சிலீவ் தேறியது என்பதற்காக மஞ்சளும் தேறிவிடாது. ஒவ்வொரு நிறமும் தனிப் பொருள். பித்தளை முனையங்களில் 4 விழுக்காடு வரை காரீயத்துக்கு ஐரோப்பிய ஆணையில் விலக்கு வழங்கப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் விலக்குகள் காலவரையறை உடையவை. அனுப்பும் நாளில் அது செல்லுபடியாகிறதா என்று பார்த்து, அதன் எண்ணைக் கோப்பில் குறிப்பிட வேண்டும்.

எக்ஸ்.ஆர்.எஃப். (எக்ஸ் கதிரால் தனிமங்களை அறியும்) கருவியைக் காட்டி ஐந்து நிமிடத்தில் சான்று தருகிறோம் என்பவர்களைப் பற்றியும் ஒரு சொல். அந்தக் கருவி முதற்கட்ட வடிகட்டலுக்கு மிக நல்லது. அது காரீயத்தையும் காட்மியத்தையும் பாதரசத்தையும் தனிமமாகக் காட்டும். குரோமியம் மொத்தம் எவ்வளவு என்று சொல்லுமே தவிர, அது அறுஇணைதிறன் வடிவமா என்று சொல்லாது. புரோமின் உண்டு என்று சொல்லும், எந்தச் சேர்மம் என்று சொல்லாது. தாலேட்களை அது காணவே காணாது. பி.வி.சி. பாகங்களில் உள்ள தாலேட்களுக்கு ஐ.இ.சி. 62321 என்ற பன்னாட்டுத் தர வரிசையின் எட்டாம் பகுதிப்படி செய்த வேதியியல் சோதனையே சான்றாகும்.

எரிந்த மோட்டாரின் பழைய காயிலைக் கழற்ற, மண்ணெண்ணெய் ஊற்றித் திறந்த வெளியில் கொளுத்தும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. பி.வி.சி. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு புகை வருகிறது; குளோரினும் செம்பும் சேர்ந்திருக்கும் நெருப்பில் டையாக்சின்கள் உருவாகின்றன. உறையில் இருந்த காரீயம் சாம்பலாகி, தென்னந்தோப்பின் மண்ணிலும் பக்கத்து வாய்க்காலிலும் தங்குகிறது. தொழில் நோக்கில் பார்த்தாலும் இழப்புத்தான்: கட்டுப்பாடற்ற வெப்பம் ஸ்டேட்டர் (மோட்டாரின் சுழலாத பகுதி) தகடுகளுக்கு இடையிலான காப்பைக் கெடுப்பதால், மறுபடி சுற்றிய மோட்டார் முன்னைவிடச் சூடாகும், மின்சாரமும் கூடுதலாகக் குடிக்கும். காயிலின் ஒரு பக்கத் தலையைக் கட்டரால் வெட்டி, மறுபக்கத்திலிருந்து இழுத்தெடுக்கும் முறை நேரம் பிடிக்கும். ஆனாலும் அதையே செய்யுங்கள்.

கொள்முதல் ஆணையில் நான் எழுதச் சொல்லும் வாசகம் எளியது: தரக்குறியீடு, வெப்ப வகுப்பு, ரீலின் தொகுப்பு எண், பத்துப் பொருட்களுக்குமான அறிவிப்பு, மூலப்பொருளோ நிறமியோ மாறினால் அனுப்பும் முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை. வந்த ரீலின் தொகுப்பு எண்ணை எந்தக் காயில்களில் பயன்படுத்தினோம் என்ற பதிவேடு கூடத்தில் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஆணைப்படி தொழில்நுட்ப ஆவணங்களை 10 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டியவர் சாதனத்தின் உற்பத்தியாளர். அவர் எட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் நம்மிடம் கேட்கலாம் என்பதால், நாமும் அத்தனைக் காலம் வைத்திருப்பதே முறை. சரக்கு தீர்ந்து, வேலை நிற்கக் கூடாது என்று வடசேரியிலோ கோட்டாற்றிலோ உள்ள கடையில் அவசரமாகச் சிலீவோ லீட் வயரோ வாங்க நேர்ந்தால், அதைப் போட்ட காயில்களைத் தனிப் பெட்டியில் குறியிட்டு ஒதுக்கி வைத்து, உரிய அறிவிப்பு கைக்கு வரும்வரை வாடிக்கையாளருக்கு அனுப்பாதீர்கள்.