கணினி வகுப்பு வேறு, வேத வகுப்பு வேறு

சிறைக்குள் கணினி நிரலாக்கம் சொல்லிக்கொடுக்க, கூடவே வேத (பைபிள்) வகுப்பும் நடத்தக் கிளம்பும் தன்னார்வலர்கள் பெரும்பாலும் 'எந்தக் கணினி மொழியில் ஆரம்பிக்கலாம்?' என்றுதான் கேட்கிறார்கள். எதில் ஆரம்பித்தாலும் சரிதான். உள்ளே இணையம் இருக்காது, அதற்குத் தயாராகிவிட்டுப் போங்கள். பிழைச் செய்தியை அப்படியே கூகுளில் போட்டுத் தேடும் நம் பழக்கம் அங்கே செல்லாது. பைத்தான் என்ற கணினி மொழியின் கையேட்டை முன்கூட்டியே தரவிறக்கி, அனுமதி வாங்கி, கணினியில் ஏற்றிவைக்க வேண்டும். கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் 2014இல் தொடங்கிய வகுப்பும் இணையம் இல்லாமல்தான் நடந்தது.

இதில் ஒரு லாபமும் உண்டு. கணினியில் தன் முறை வரும்வரை தாளில்தான் எழுத வேண்டும். ஒரு மாணவர் 1 முதல் 10 வரை கூட்ட, எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச்(1, 10) கட்டளையை எழுதினார். விடை 45. வர வேண்டியதோ 55. தாளில் கட்டம் போட்டு, சுற்றுக்கு ஒரு வரியாக மதிப்புகளை நிரப்பிக்கொண்டே போனார். ஒன்பதாவது வரியோடு நின்றது. "பத்து உள்ளேயே வரல சார்!" ரேஞ்ச் கடைசி எண்ணுக்கு முன்பே நின்றுவிடும் என்று நானே சொல்லியிருந்தால் அடுத்த வாரமே மறந்திருப்பார்.

வேத வகுப்பிலும் இதே நிதானம் கைகொடுக்கும். பைபிளில் அப்போஸ்தலர் பவுல் பிலேமோன் என்பவருக்கு எழுதிய நிருபம் (கடிதம்) 25 வசனம்தான். அவர் அதைக் காவலில் இருந்துகொண்டு எழுதினார். பிலேமோனின் அடிமை ஒநேசிமு எஜமானிடம் திருடிவிட்டு ஓடினான் என்றே எல்லாரும் நினைத்திருப்பார்கள். திருடினான் என்று எந்த வசனத்தில் இருக்கிறது? தேடச் சொல்லுங்கள். கிடைக்காது. அநியாயம் செய்திருந்தாலோ கடன்பட்டிருந்தாலோ என் கணக்கில் வைத்துக்கொள்ளும் என்கிறார் பவுல், அவ்வளவுதான். தன் வழக்கைப் பற்றி ஊர் என்னென்ன பேசியது என்று அறிந்தவர்கள் இந்த இடத்தை நம்மைவிடக் கூர்மையாக வாசிப்பார்கள்.

இரண்டும் நல்லவைதான். அதனாலேயே இரண்டையும் முடிச்சுப் போடும் ஆசை வரும்: வேத வகுப்புக்கு வந்தால் கணினியில் இடம் என்று. தயவுசெய்து வேண்டாம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள நியூட்டன் சிறையில் அரசுப் பணத்தோடு நடந்த கிறிஸ்தவத் திட்டம் ஒன்றில் சேர்ந்தவர்களுக்குச் சிறையின் மற்றப் பகுதிகளைவிட வசதியான இருப்பிடம் கிடைத்தது. அந்தத் திட்டம் அரசியலமைப்புக்கு விரோதமானது என்று 2006இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அடுத்த ஆண்டு மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. சட்டத்தை விடுங்கள், விசுவாசத்துக்கே அது கேடு. கணினிக்காக ஜெபிப்பவர் யார், மனதார ஜெபிப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். வேற்று மதத்தவர் சத்தமில்லாமல் பெயர் கொடுக்காமல் இருந்துவிடுவார்.

வேறு நாள், வேறு பதிவேடு, முடிந்தால் வேறு ஆசிரியர். வேத வகுப்பின் வருகைப் பதிவு பரோல் கோப்புக்குள் போகக் கூடாது. இதை முதல் நாளே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், வேலை. சிறையில் கல்வி பெற்றவர்கள் மீண்டும் சிறைக்குத் திரும்பும் வாய்ப்பு 43 சதவீதம் குறைவு என்று அமெரிக்க ஆய்வு நிறுவனமான ராண்ட் 2013இல் கணக்கிட்டது. அது பொதுவாகச் சிறைக் கல்வி பற்றிய கணக்கு. நிரல் கற்றால் வேலை உறுதி என்று அதைக் காட்டி ஆசை காட்டாதீர்கள். பின்னணிச் சரிபார்ப்பில் பல நிறுவனங்கள் கதவைச் சாத்தும். அதை வகுப்பிலேயே பேசிவிடுங்கள். எழுதிய நிரல்களின் அச்சுப்படிகளை விடுதலையாகும்போது கையோடு எடுத்துப்போக முடியுமா என்று அதிகாரிகளிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.