மூன்று தடவை படித்தும் ஏன் நிற்கவில்லை?

போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் மனநல ஆலோசனைக்கு வரும்போது பெரும்பாலும் சொல்வது இதைத்தான்: "மூணு தடவை படிச்சிட்டேன் மேடம், ஆனா கேள்வியைப் பார்த்தா நாலு ஆப்ஷனும் சரி மாதிரியே இருக்கு." தனக்கு ஞாபகசக்தி குறைவு என்று முடிவு கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். சிலருக்கு வீட்டில் வல்லாரை மாத்திரைகூட வாங்கிக் கொடுத்திருப்பார்கள்.

எப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். யூடியூப் வகுப்பு இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. உடனே பிடிஎஃப் நோட்ஸ், அதில் மஞ்சள் கோடு, உடனே அடுத்த பாடம். டெலிகிராம் குழுவில் யாரோ "சிலபஸ் முடிச்சாச்சு" என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்த பதற்றத்தில் ஓட்டம் இன்னும் கூடும்.

வீடியோவின் வேகத்தை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். தெரிந்த பாடத்தைத் திருப்பிப் பார்க்க அது உதவும். எங்குமே நிற்காமல் ஓடுவதுதான் பிரச்சினை. அரசியலமைப்பில் சட்டப்பிரிவு 32, 226 இரண்டும் நீதிப்பேராணை (உரிமையைக் காக்க நீதிமன்றம் பிறப்பிக்கும் 'ரிட்' ஆணை) பற்றியவை. ஓடிக்கொண்டே படித்தவருக்கு இரண்டு எண்களும் பார்த்த முகமாக இருக்கும், அவ்வளவுதான். 32 உச்ச நீதிமன்றத்துக்கு, 226 உயர் நீதிமன்றங்களுக்கு என்று படித்தபின் கொஞ்சம் நின்று, "இரண்டில் எதன் எல்லை பெரியது, ஏன்?" என்று தன்னையே கேட்டவருக்குக் கதை வேறு. அடிப்படை உரிமை மீறப்பட்டால்தான் 32-இன் கீழ் போக முடியும். 226-இல் மற்ற சட்ட உரிமைகளுக்காகவும் போகலாம் என்பதை அவரே தேடிப் பிடித்திருப்பார். தானே தேடிப் பிடித்தது அவ்வளவு சீக்கிரம் போகாது.

2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வை என்னிடம் வரும் எல்லோருக்கும் சொல்வேன். கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஒரு பாடப்பகுதியை நான்கு சுற்றும் படித்தது. இன்னொரு குழு முதல் சுற்றில் மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முன்னால்: 83 சதவீதம், எதிரே 71. ஒரு வாரம் கழித்து அப்படியே மாறிவிட்டது. படித்தவர்களிடம் 40 சதவீதம் மிஞ்சியது. எழுதிப் பார்த்தவர்களிடம் 61. இதில் என்னை உலுக்குவது இன்னொன்று. ஒரு வாரம் கழித்தும் நன்றாக ஞாபகம் இருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள், நான்கு முறை படித்தவர்கள். எளிதாக ஓடும் படிப்பு நமக்குப் பொய்யான தைரியத்தைக் கொடுக்கிறது.

அதனால் ஆலோசனை அறையிலேயே ஒரு பக்கம் படிக்கச் சொல்வேன். ஃபோன் அறைக்கு வெளியே. படித்து முடித்ததும் புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளில் ஞாபகம் வருவதை எழுத வேண்டும். ஆரம்பத்தில் பலருக்கு இரண்டு வரிக்கு மேல் வராது. சிலர் கண் கலங்கிவிடுவார்கள். அந்தத் திணறலில்தான் நினைவு பலப்படுகிறது என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டதை மட்டும் பார்த்தால் போதும். நடுவே மனம் வேறெங்காவது போனால் ஓரத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைத்துவிட்டு அதே வரிக்குத் திரும்பி வரச் சொல்வேன். தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டாம். எந்த நேரத்தில் புள்ளிகள் கூடுகின்றன என்பது சில நாட்களில் தெரிந்துவிடும். தூக்கம் குறைந்த நாட்களில் கூடுவதை அவர்களே கவனித்துச் சொல்வார்கள்.

"இப்படிப் படிச்சா சிலபஸ் முடியுமா மேடம்?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான பயம்தான். குரூப் 4 தேர்வில் மூன்று மணி நேரத்தில் 200 கேள்விகள். ஆனால் கணக்கைப் பாருங்கள்: 1885-இல் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்துக்கொண்டார். ஒரே நாளில் 68 முறை ஓதிக் கிடைத்த பலன், மூன்று நாட்களுக்குப் பிரித்து 38 முறை ஓதியதிலேயே ஏறக்குறைய கிடைத்தது. இன்று படித்ததை நாளை ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை பார்க்காமல் எழுதிப் பார்க்க நேரம் ஒதுக்குங்கள். எல்லாவற்றுக்கும் இந்த நிதானம் தேவையில்லை. நடப்பு நிகழ்வுகளை முதலில் வேகமாகப் புரட்டலாம். கணக்கை மட்டும் தயவுசெய்து வீடியோவில் பார்த்துத் தலையாட்டாதீர்கள், கையால் போடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. புத்தகத்தை மூடிவைத்து விட்டத்தைப் பார்க்கும் பிள்ளையை "சும்மா உட்கார்ந்திருக்கான்" என்று அதட்டாதீர்கள். அவன் படித்ததை நினைவுக்குக் கொண்டுவந்துகொண்டிருக்கலாம். "எத்தனை பாடம் முடிச்சே?" என்பதை விட்டுவிட்டு, "இன்னைக்குப் படிச்சதுல ஒண்ணு எனக்குச் சொல்லேன்" என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் காது கொடுத்தால் அதுவே நல்ல ரிவிஷன்.

முறையை மாற்றியும் எதிலும் மனம் நிற்கவில்லை, வாரக்கணக்கில் தூக்கமில்லை, பிடித்த விஷயம்கூடப் பிடிக்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் அது படிப்பு முறையால் தீரும் விஷயமில்லை. தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.