நூறு கணினிகளுக்கு ஒரே இரவில் புது இயங்குதளம்: உள்ளே நடப்பது என்ன?

ஒரு கணினியில் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்தை மாற்றுவது பெரிய வேலை இல்லை. பென் டிரைவைச் செருகி, நாலு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் முடிந்தது. அதையே நூறு கணினிகளுக்கு மேசை மேசையாகப் போய்ச் செய்தால் நாள் கணக்கில் இழுக்கும். போதாக்குறைக்கு, நாற்பதாவது கணினியில் ஏதோ ஒரு டிக் மாறி விழுந்திருக்கும். அதனால் பெரிய நெட்வொர்க்குகளில் இந்த வேலை கம்பி வழியாகவே, யாரும் இல்லாத இரவு நேரத்தில் நடக்கிறது.

இதில் முதல் சிக்கலே வேடிக்கையானது. நெட்வொர்க்கில் பேசக் கணினிக்கு இயங்குதளம் வேண்டும். நாம் அழிக்கப்போவதோ அந்த இயங்குதளத்தைத்தான். பழையதை அழித்துவிட்டால் புதியதை வாங்கி வைக்க உள்ளே ஆள் இல்லை!

அதற்கும் முன்னால், அணைந்து கிடக்கும் கணினியை எழுப்ப வேண்டுமே? கணினியை அணைத்த பிறகும் நெட்வொர்க் கார்டுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்படி வைக்கலாம். அந்த நிலையில் கார்டுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். நெட்வொர்க்கில் வரும் பாக்கெட்டில், அதாவது தரவுத் துண்டில், எங்காவது ஆறு பைட்டுகள் முழுக்க 1 என்ற பிட்டாகவே இருந்து, அதையடுத்துத் தன் சொந்த வன்பொருள் முகவரி (கார்டுக்கென்றே உள்ள தனி எண்) 16 முறை அடுக்கி வந்திருக்கிறதா என்று பார்ப்பது. முகவரி 6 பைட் என்பதால் மொத்தம் 102 பைட். வந்திருந்தால் மதர்போர்டைத் தட்டி எழுப்பிவிடும்.

எழுந்த கணினி ஹார்ட் டிஸ்க்கைத் தொடுவதே இல்லை. மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை மென்பொருளுக்குள் பிஎக்ஸ்இ என்ற சின்ன நிரல் இருக்கிறது. இன்டெல் 1990களின் கடைசியில் கொண்டுவந்தது. நெட்வொர்க்கில் தன்னை அடையாளம் காட்டும் ஐபி முகவரி கூட இல்லாத நிலையில் அது நெட்வொர்க் முழுவதற்கும் ஒரு கேள்வியை வீசுகிறது: “நான் யார், எங்கிருந்து எதை எடுத்து இயங்க வேண்டும்?” கணினிகளுக்கு முகவரி பகிர்ந்து கொடுக்கும் டிஹெச்சிபி சர்வர் ஒரு முகவரியையும், கோப்பு இருக்கும் சர்வரின் பெயரையும், அந்தக் கோப்பின் பெயரையும் பதிலாகத் தருகிறது.

அந்தக் கோப்பை எடுத்துவரப் பயன்படும் டிஎஃப்டிபி, 1980களின் தொடக்கத்தில் பிறந்த பழைய நெறிமுறை. 512 பைட் அனுப்பும், “கிடைத்தது” என்ற பதில் வரும்வரை சும்மா நிற்கும், அப்புறம் அடுத்த 512. போய்வர ஒரு மில்லிவிநாடி ஆனால், 100 எம்பி கோப்புக்கு சுமார் 2 லட்சம் துண்டுகள், 200 விநாடிகள். கம்பி எவ்வளவு அகலமாக இருந்தாலும் இந்தக் காத்திருப்பு குறையாது. துண்டைப் பெரிதாக்கும் வசதி பின்னால் வந்தது. புதிய ஃபர்ம்வேர்கள் இணையப் பக்கங்களுக்குப் பயன்படும் ஹெச்டிடிபி வழியாகவே எடுத்துக்கொள்கின்றன. டிஎஃப்டிபி இன்னும் சாகாமல் இருப்பதற்குக் காரணம், அதை எழுத மிகக் கொஞ்சம் இடம் போதும் என்பதுதான்.

இப்படி வந்து சேர்வது முழு இயங்குதளம் இல்லை, ரேமில் மட்டும் வாழும் ஒரு குட்டி இயங்குதளம். டிஸ்க்கை அழிப்பதும் புதியதை எழுதுவதும் இதன் வேலை. மொழி, கடவுச்சொல், டிஸ்க்கைப் பிரிக்கும் விதம் போன்ற கேள்விகளுக்கு முன்கூட்டியே எழுதிய விடைக் கோப்பு ஒன்று பதில் சொல்லிவிடும்.

அடுத்தது கம்பியின் நெரிசல். தயார் செய்து வைத்த டிஸ்க்கின் முழு நகலை இமேஜ் என்பார்கள். 20 ஜிபி இமேஜை விநாடிக்கு 1 கிகாபிட் இணைப்பில் அனுப்பக் குறைந்தது 160 விநாடி. நூறு கணினிகளுக்கும் தனித்தனியாக அனுப்பினால் 16,000 விநாடி, ஏறக்குறைய நாலரை மணி நேரம். ஆனால் நூறும் கேட்பது ஒரே தரவைத்தான். அதனால் சர்வர் ஒரே ஒரு முறை அனுப்ப, வழியில் கணினிகளை இணைக்கும் சுவிட்ச் என்ற பெட்டியே பிரதி எடுத்துக் கேட்பவர்களுக்கெல்லாம் கொடுக்கிறது. இதுதான் மல்டிகாஸ்ட். தாமதமாக வந்து சேரும் கணினி? அதுவும் காத்திருக்க வேண்டியதில்லை. நடுவில் வரும் துண்டுகளை டிஸ்க்கில் அததற்கு உரிய இடத்தில் எழுதிக்கொண்டு, விட்டுப்போனதை மட்டும் பிறகு கேட்டு வாங்கும். யூட்டா பல்கலைக்கழகத்தில் உருவான ஃபிரிஸ்பீ என்ற மென்பொருள் இந்த வழியில்தான், 2003இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின்படி, 80 டிஸ்க்குகளில் மொத்தம் 50 ஜிபியை 34 விநாடிகளில் எழுதி முடித்தது. காலி இடங்களை அனுப்பாமல் தாண்டிப் போனதும் அதற்கு ஒரு காரணம்.

நகல் எடுப்பதில் ஒரு வம்பும் உண்டு. லினக்ஸ் இமேஜில் கணினிக்கென ஒரு தனி அடையாள எண் இருக்கும். அதை நீக்காமல் நகலெடுத்தால், அந்த எண்ணை வைத்து முகவரி கேட்கும் இரண்டு கணினிகளை டிஹெச்சிபி சர்வர் ஒன்றென நினைத்து ஒரே ஐபி முகவரியைத் தந்துவிடலாம். இரண்டும் மாறி மாறித் துண்டிக்கப்படும். காரணம் தெரியாமல் மண்டை காயும்.

எல்லாவற்றையும் அழித்து எழுதுவது எப்போதும் ஒத்துவராது. விண்டோஸை இருந்த இடத்திலேயே புதுப்பித்தால் பழையது ஒரு தனி ஃபோல்டரில் ஒதுங்கியிருக்கும். வழக்கமாக 10 நாள் வரை அதற்குத் திரும்பலாம். குரோம்ஓஎஸ் செய்வது எனக்கு இதைவிடப் பிடித்திருக்கிறது. அதில் கணினி அமைப்பு இரண்டு பிரதிகளாக இருக்கிறது. நாம் ஒன்றில் வேலை செய்யும்போதே புதியது மற்றதில் எழுதப்படுகிறது. மறுதொடக்கத்தில் எழுந்து காட்டப் புதியதற்குச் சில வாய்ப்புகள் மட்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்பே ஃபர்ம்வேர் ஒரு வாய்ப்பைக் கழித்துவிடும். இயங்குதளம் நல்லபடியாக எழுந்து “நான் நலம்” என்று குறித்து வைத்தால் சரி, இல்லாவிட்டால் பழையதே திரும்ப வரும். கழிப்பதை ஃபர்ம்வேரிடம் கொடுத்ததில்தான் சூட்சுமம்: செத்துப்போன இயங்குதளம் தான் செத்ததைச் சொல்ல முடியாதே.

இந்த ஏற்பாடு இல்லாதபோது என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான ஒரு கோப்பு, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. 78 நிமிடங்களில் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனாலும் ஏற்கெனவே விழுந்த கணினிகளில் பல, திருத்தத்தை வாங்கும் அளவுக்கு நெட்வொர்க் எழுவதற்குள்ளேயே மறுபடி விழுந்தன. அப்படிப்பட்ட ஒவ்வொன்றையும் ஒருவர் நேரில் போய், அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் திறந்து அந்தக் கோப்பை நீக்க வேண்டியிருந்தது. டிஸ்க் குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவி வேறு தேவைப்பட்டது.

அதனால்தான் தொழில்நுட்பப் பிரிவினர் அலையலையாக அனுப்புகிறார்கள். முதல் அலையில் தங்கள் கணினிகள், அடுத்ததில் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒன்றிரண்டு, சில நாள் பார்த்துவிட்டு மற்றவை. முதல் இரண்டு அலைகளுக்குப் புதுப் பளபளப்பான கணினிகளையே எடுத்தால் எல்லாம் சரியாக ஓடும், ஆனால் எதுவும் தெரியவராது. பழைய கிராஃபிக்ஸ் கார்டு, யாரோ ஒருவர் மட்டும் பயன்படுத்தும் ஸ்கேனர், டிஸ்க் நிரம்பி வழியும் கணினி ஆகியவற்றைத் தேடிப்பிடித்து முதலில் சேர்க்க வேண்டும்.