போத்தலைத் திருப்பிப் பாருங்கள்

கடையில் எந்தக் குளிர்பானப் போத்தலை எடுத்தாலும் முன்பக்கத்தில் ஒரு நிற வட்டம் இருக்கும். 2016 ஓகஸ்டில் இலங்கையில் நடைமுறைக்கு வந்த விதி அது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை என்றால் செம்மஞ்சள், 2க்குக் கீழே என்றால் பச்சை. நல்ல விதிதான். ஆனால் விளையாட்டுப் பானம் என்று விற்கிறவற்றை அடையாளம் காண இந்த வட்டம் உதவாது. 6 கிராம் சீனியுள்ள கேட்டரேட்டும் செம்மஞ்சள், வழமையான கலவையில் 10.6 கிராம் உள்ள கொக்கா கோலாவும் செம்மஞ்சள். வட்டத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே சாதி.

வித்தியாசம் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், சோடியம் என்ற வரியில் இருக்கிறது. விளையாட்டுப் பானத்தை விளையாட்டுப் பானம் ஆக்குவது அந்த ஒரு வரிதான். அதை எடுத்துவிட்டால் மிச்சம் சர்பத்.

கேட்டரேட்டில் 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 45 மில்லிகிராம் சோடியமும் 13 மில்லிகிராம் பொற்றாசியமும் உண்டு. ஜப்பானின் ஒட்சுக்கா நிறுவனம் 1980இல் கொண்டுவந்த பொக்காரி ஸ்வெட்டில் சீனிச்சத்து 6.2 கிராம், சோடியம் 49 மில்லிகிராம், பொற்றாசியம் 20. கூடவே பெயருக்குக் கொஞ்சம் கல்சியமும் மக்னீசியமும். லூக்கோசேட் ஸ்போர்ட்டின் சோடியமும் 50க்குப் பக்கத்தில்தான். பவரேட் சீனியில் கேட்டரேட்டை ஒத்தது. அமெரிக்காவில் அதற்குச் சோளப்பாகு சேர்ப்பார்கள், மேலதிகமாக பி வகை விற்றமின்கள் சிலவும் இருக்கும். நாட்டுக்கு நாடு கலவை சற்று மாறும் என்பதால் கையில் இருக்கும் போத்தலின் எண்ணையே நம்புங்கள். மொத்தத்தில் இவை எல்லாம் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய உறவுக்காரர். சுவையிலும் விளம்பரத்திலும் இருக்கிற போட்டி கலவையில் இல்லை.

அரை லீற்றர் கேட்டரேட்டில் சுமார் 30 கிராம் சீனி, அதாவது ஆறு ஏழு தேக்கரண்டி. உப்பாகப் பார்த்தால் அரைக் கிராமுக்குக் கொஞ்சம் மேல், ஒரு சிட்டிகை. இது போதுமா என்று கேட்டால், முதலில் வேர்வையைப் பார்க்க வேண்டும்.

ஒரு லீற்றர் வேர்வை தோலிலிருந்து ஆவியாகிப் போக ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து கொண்டுபோகும். காண்டாவன வெய்யிலில் சிறுபோக வயலில் நிற்கிற ஒருவர் மயங்கி விழாமல் நிற்பது இதனால்தான். சோளகம் அடிக்கிற நாட்களில் கிளிநொச்சிப் பக்கம் காற்று உலர்ந்திருக்கும், வேர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். வேர்க்கவே இல்லை என்று ஆட்கள் நினைப்பார்கள். பின்னேரம் சட்டை முதுகில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிற உப்பைப் பார்த்தால் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். முல்லைத்தீவுக் கரையில் கதை வேறு. அங்கே காற்றில் ஈரம் கூட, வேர்வை ஆவியாகாமல் ஒழுகும். ஒழுகிப்போகிற வேர்வை உடம்பைக் குளிர்விக்காது, தண்ணீரும் உப்பும் மட்டும் நட்டம்.

கடும் வேலையில் மணிக்கு அரை லீற்றர் முதல் இரண்டு லீற்றர் வரை வேர்க்கும். ஒரு லீற்றர் வேர்வையில் ஏறத்தாழ 500 முதல் 1800 மில்லிகிராம் வரை சோடியம் இருக்கும். ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம். வெய்யிலுக்குப் பழகிய உடம்பு சிக்கனக்காரன், இரண்டு கிழமை தொடர்ந்து வெய்யிலில் வேலை செய்தால் வேர்வைச் சுரப்பிகள் உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளப் பழகிவிடும். ஓகஸ்ட் விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்து இறங்கி, அடுத்த நாளே ஊர்ப் பெடியளோடு உதைபந்து ஆடப் போகிற மச்சானுக்கு அந்தச் சிக்கனம் இன்னும் வந்திராது. இருவரும் ஒரே அளவு ஓடினாலும் அவருடைய சட்டையில்தான் உப்பு கூடப் படியும்.

ஒரு லீற்றர் விளையாட்டுப் பானத்தில் 450 முதல் 500 மில்லிகிராம் சோடியம். சராசரி ஆள் ஒரு லீற்றர் வேர்வையில் இழப்பதில் பாதி. இழந்ததை அப்படியே திருப்பித் தரும் பானம் என்று விளம்பரம் சொன்னால் பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.

பிறகு ஏன் அந்தக் கொஞ்ச உப்பு? இதற்குப் பதில் வேர்வையில் இல்லை, குடலில் இருக்கிறது. சிறுகுடலின் உட்சுவரில் குளுக்கோஸை உள்ளே எடுக்கும் புரதம் ஒன்று உண்டு. அது இரண்டு சாவி போட்டால்தான் திறக்கும் கதவு. ஒன்று குளுக்கோஸ், மற்றது சோடியம். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறோடு இரண்டு சோடியம் அயன்கள் சேர்ந்தே உள்ளே போகின்றன. அவை போன பின்னால் தண்ணீரும் இழுபட்டுப் போகிறது. ரொபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் 1960இல் பிராக் நகரில் இந்தக் கருத்தை முன்வைத்தார்.

பதினொரு வருடம் கழித்து அது ஆயிரக்கணக்கான உயிரைக் காப்பாற்றியது. 1971 வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்த அகதிகளின் பொங்காவ் முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றுகிற சேலைன் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மஹலனோபிஸ் என்ற மருத்துவர் குளுக்கோஸையும் உப்பையும் சமையல் சோடாவையும் தண்ணீரில் கலந்து, உறவினர்களின் கையிலேயே கொடுத்து நோயாளிகளுக்குப் பருக்கச் சொன்னார். 30 வீதமளவில் இருந்த இறப்பு 4 வீதத்துக்கும் கீழே இறங்கியது. முகாமில் வயிற்றோட்டம் என்றால் என்னவென்று வன்னிச் சனத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. நம் வைத்தியசாலைகளிலும் பாமசிகளிலும் கிடைக்கிற ஜீவனிப் பைக்கற்று அந்தக் கரைசலின் வழித்தோன்றல்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2002இல் வகுத்த கலவைப்படி ஒரு லீற்றருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 1.5 கிராம், சோடியம் சித்திரேற்று 2.9 கிராம். விளையாட்டுப் பானத்தோடு ஒப்பிட்டால் சோடியம் ஏறத்தாழ நாலு மடங்கு, சீனி நாலில் ஒரு பங்கு. இரண்டும் ஒரே தத்துவத்தில் வேலை செய்தாலும் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்தவை. ஆகவே வயிற்றோட்டம் பிடித்த பிள்ளைக்கு ஜீவனி இல்லையென்று விளையாட்டுப் பானம் வாங்கிக் கொடுப்பது சரியான வேலை இல்லை. கூடுதல் சீனி குடலுக்குள் தண்ணீரை இழுத்து ஓட்டத்தைக் கூட்டிவிடலாம்.

சரி, ஏன் விளையாட்டுப் பானத்தில் இவ்வளவு சீனி? அது வேறு தேவைக்காக. 1965இல் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் ரொபர்ட் கேட் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் கேட்டரேட்டைத் தங்கள் பல்கலைக்கழக அணிக்காகச் செய்தார்கள். அணியின் பெயர் கேட்டர்ஸ், அதிலிருந்துதான் பானத்துக்கும் பெயர். வீரர்களுக்குத் தண்ணீரும் உப்பும் மட்டுமல்ல, தசைக்கு எரிபொருளும் குறைகிறது என்பது அவர்கள் கண்டது. தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சீனிச்சத்து கடும் ஓட்டத்தில் ஒன்றரை மணித்தியாலம் போல்தான் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் ஓடுகிறவருக்கு வெளியிலிருந்து சீனி வேண்டும். இங்கே சாதாரண சீனிக்கே ஒரு சிறப்பு உண்டு. அது குடலில் குளுக்கோஸாகவும் பிரக்ரோஸாகவும் பிரியும். பிரக்ரோஸுக்குத் தனிக் கதவு. குளுக்கோஸ் கதவு நெரிபட்டு மணிக்கு 60 கிராமளவில் நின்றுவிடும்போது, பிரக்ரோஸ் பக்கத்துக் கதவால் போய்க்கொண்டே இருக்கும்.

பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலத்தில் மரதன் ஓட்டம் நடக்கும்போது வழிவழியே குளுக்கோஸ் கரைத்து வைத்திருப்பார்கள், தோடம்பழத்தையும் வெட்டி வைத்திருப்பார்கள். குளுக்கோஸ் மட்டும் கரைத்த தண்ணீர் எரிபொருள் தரும், உப்புத் தராது. குடல் தன் சொந்தச் சோடியத்தைச் சுரந்து கதவைத் திறந்துகொள்ளும் என்பதால் தண்ணீர் உள்ளே போகாமல் நிற்காது. ஆனால் ஓடுகிற பிள்ளை இழந்த உப்பு இழந்ததுதான். ஒரு வாளிக்குள் இரண்டு தேக்கரண்டி உப்புப் போட்டு, ருசி தெரியாமல் தேசிக்காய் பிழிந்துவிட்டால் குறை தீர்ந்தது. குளுக்கோஸ் தூளைக் கையால் அள்ளி வாயில் கொட்டுகிற பழக்கத்தைத்தான் விடவேண்டும். அவ்வளவு செறிந்த சீனி வயிற்றைப் புரட்டும்.

லேபலில் மிச்சமிருக்கும் பெயர்களில் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. சித்திரிக் அமிலம் புளிப்புக்கு. சோடியம் சித்திரேற்று, உப்புக் கரிக்காமல் சோடியத்தை உள்ளே சேர்க்கும் தந்திரம். பொற்றாசியம் பொசுபேற்று, பொற்றாசியத்துக்கு. நீலமும் மஞ்சளும் கண்ணுக்கு. பி விற்றமின் வேர்வையில் குறிப்பிடும்படி போவதில்லை, எனவே அதைச் சேர்ப்பதால் போத்தலுக்குத்தான் அழகு. ‘சீரோ’ என்று வருகிறவற்றில் சுக்கிரலோஸ் போன்ற இனிப்பூட்டிகள் இருக்கும், உப்பு இருக்கும், எரிபொருள் இருக்காது. புளிப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூட. இந்தப் பானங்களின் அமிலத்தன்மை பெரும்பாலும் பீஎச் 3 அளவில் இருக்கும், பல்லின் எனாமல் 5.5க்குக் கீழேயே கரையத் தொடங்கும். பயிற்சி முழுக்கச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டிருக்கும் பிள்ளையின் பல்லுக்கு அது நல்லதல்ல.

ரெட்புல் வகையறாவை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. பக்கத்துப் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பதால் குழப்பம். 250 மில்லிலீற்றர் ரின்னில் 27 கிராம் சீனியும் 80 மில்லிகிராம் கஃபீனும். மைதானத்துப் பிள்ளைகளுக்கு அது வேண்டாத வேலை.

இனி வீட்டுப் பக்கம். கருப்பநீர் சீனியில் கோலாவோடு போட்டி போடும், உப்பில் ஒன்றுமில்லை. இளநீரில் 100 மில்லிலீற்றருக்குப் பொற்றாசியம் 200 மில்லிகிராம் அளவில், பொக்காரி ஸ்வெட்டைப்போல் பத்து மடங்கு. ஆனால் வேர்வையில் கூடுதலாகப் போவது சோடியம், அது இளநீரில் குறைவு, மண்ணுக்கும் காய்ப் பருவத்துக்கும் ஏற்ப மாறும். இளநீர் ‘இயற்கையின் விளையாட்டுப் பானம்’ என்கிற பேச்சை அதனால் நான் அரைமனதோடுதான் கேட்பேன். மோர் இதைவிடக் கெட்டிக்காரி. ஒரு கிளாஸ் மோரில் அரைக் கிராம் உப்புப் போட்டாலே 200 மில்லிகிராம் சோடியம் வந்துவிடுகிறது, அரை லீற்றர் விளையாட்டுப் பானத்துக்குக் கிட்ட. வெங்காயமும் பச்சைமிளகாயும் உங்கள் விருப்பம்.

பசும்பாலை ஒருவரும் விளையாட்டுப் பானமாக நினைப்பதில்லை. அதில் 100 மில்லிலீற்றருக்கு 40 முதல் 50 மில்லிகிராம் சோடியம், 150 அளவில் பொற்றாசியம், புரதம் வேறு. 2016இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில் 72 ஆண்களுக்கு வெவ்வேறு பானங்களை ஒரு லீற்றர் வீதம் கொடுத்து, சிறுநீராக வெளியே வருவதை அளந்தார்கள். தண்ணீரைவிடக் கூட நேரம் உடம்பில் தங்கியவற்றில் பாலும் வயிற்றோட்டக் கரைசலும் முன்னே நின்றன. விளையாட்டுப் பானம் வெறும் தண்ணீரோடு சமமாக நின்றது. அவர்கள் ஓடியவர்கள் அல்ல, ஆறுதலாக இருந்தவர்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஓட்டத்தின் நடுவில் பால் குடிக்க யாருக்கும் முடியாது. ஆட்டம் முடிந்து வீடு வந்த பிறகு என்றால் நல்ல தெரிவு.

ஆக, பின்னேரம் ஒரு மணித்தியாலம் கரப்பந்து ஆடுகிறவருக்குத் தண்ணீர் போதும், இரவுச் சாப்பாட்டில் உப்பு வந்துவிடும். வயலில் நாள் முழுக்க நிற்கிறவருக்கு மத்தியானச் சோறும் கறியும் உப்பைக் கொண்டுவரும், சாப்பாட்டைத் தவறவிட்டுத் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால்தான் சிக்கல். தண்ணீர் மட்டும் அளவுமீறிப் போனால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பொஸ்டன் மரதனில் பரிசோதித்த 488 பேரில் 13 வீதத்தினருக்கு அப்படி ஆகியிருந்தது. விளையாட்டுப் பானம் உண்மையில் பொருந்துவது ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடுகிறவர்களுக்கும், கண்ணிவெடி அகற்றும் பெண்களைப்போலக் கனத்த காப்புக் கவசத்துக்குள் வெய்யிலில் மணிக்கணக்காக வேர்க்கிறவர்களுக்கும். போத்தல் வாங்க வசதியில்லை என்றால் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் மட்டமாகப் பன்னிரண்டு தேக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு தேசிக்காய். சீனி 5 வீதம், சோடியம் கேட்டரேட்டைவிடக் கொஞ்சம் கூட.

இந்தக் கணக்கெல்லாம் சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறவர்களுக்கு. வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளில் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்கள் இருக்கிறார்கள். பழுதான சிறுநீரகத்தால் பொற்றாசியத்தைச் சரிவர வெளியேற்ற முடியாது, அது இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பு குழம்பும். அவர்களுக்கு ஆபத்து போத்தலைவிட முற்றத்து இளநீரில்தான் கூட. எவ்வளவு குடிக்கலாம், குடிக்கலாமா என்பதை இரத்தப் பரிசோதனையைப் பார்த்துக் கிளினிக்கில் சொல்வார்கள். அதுவரை குலையைப் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுவிடலாம்.