பொறி காலி என்றால் எலி இல்லை என்று அர்த்தமா?

போன வாரம் ஒரு மாணவர் அறிக்கை அனுப்பியிருந்தார். தார் பாலைவனத்தில், ஜெய்சல்மேர் பக்கம் மூன்று இரவு பொறி வைத்தாராம். ‘பாலை ஜெர்பில் (பாலைவனத்தில் வளை தோண்டி வாழும் ஓர் எலி) இல்லை’ என்று எழுதி, அது எங்கெங்கே வாழ்கிறது என்று காட்டும் பரவல் வரைபடத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டார். கூடவே வந்த புகைப்படத்தில் பொறிக்குப் பின்னால் வளைக்கு மேல் வளை, வாசலில் புது மண்! இந்த வருஷத்தில் இப்படி வந்தது இது நான்காவது.

பாலை ஜெர்பில் பகலில் மேயும் எலி, தம்பி. பொழுது சாயும்போது பொறியைத் திறந்து விடியும்போது மூடினால் எப்படிச் சிக்கும்? அவருக்குச் சிக்கியதெல்லாம் இரவில் திரியும் வெள்ளெலி. நம் ஊர் வரப்பிலும் வளை தோண்டுமே, அதேதான்.

சரி, இரவில் திரியும் எலிக்காவது மூன்று இரவு போதுமா? ஒரு பேச்சுக்கு, எலி இருக்கும் இடத்தில் ஓர் இரவில் அது சிக்கும் வாய்ப்பு 20 சதவீதம் என்று வையுங்கள். முதல் இரவு சிக்காமல் போக 80 சதவீதம். இரண்டு இரவும் சிக்காமல் போக 64. மூன்றும் என்றால் 51. எலி குடியிருக்கும் இடங்களில் பாதியை ‘இல்லை’ என்று எழுதிவிடுவீர்கள். முழுநிலா என்றால் ஆந்தைக்குப் பயந்து புதரை விட்டே வராது. பொறியில் இரையாக வைத்த கம்பு தானியத்தை எறும்பு சுமந்து போயிருக்கும். ‘சிக்கவில்லை’ என்று எழுதுங்கள். எத்தனை பொறி, எத்தனை இரவு, எந்த நேரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ‘இல்லை’ என்ற சொல் மட்டும் வேண்டாம்.

அதற்காகப் பகல் முழுக்கப் பொறியைத் திறந்து போட்டுவிடாதீர்கள். நாம் வைக்கும் ஷெர்மன் பொறி, எலியை உயிரோடு பிடிக்கும் அலுமினியப் பெட்டி. ஒருமுறை நானே ஒன்பதரை மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். தொட்டதும் கை சுட்டது. உள்ளே இரண்டு செத்துக் கிடந்தன, கழுத்து ரோமமெல்லாம் எச்சிலில் நனைந்து. உடம்பைக் குளிர்விக்க எச்சிலைப் பூசிப் பார்த்திருக்கின்றன. தயவுசெய்து புதர் நிழலில் வையுங்கள், அடிக்கடி போய்ப் பாருங்கள், வெயில் ஏறினால் மூடிவிடுங்கள். ஜனவரி இரவென்றால் உள்ளே கொஞ்சம் பஞ்சு. அப்புறம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்; தெள்ளுப்பூச்சி இருக்கும்.

மாணவருக்குப் பதில் போட்டுவிட்டேன்: நாளைக் காலை அதே வளைகளுக்கு எதிரே பைனாகுலரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். பொறியை ஜீப்பிலேயே விட்டுவிடுங்கள்.